வித்தைக்காரர் பேரென்ன?

1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் தியானத்தில் அமர்ந்த செய்தி குமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அங்கிருந்து கிளம்பியவர் அடுத்த இரண்டு மாதத்துக்குள், 1893 பிப்ரவரியில், ஐதராபாத்தில் ஒரு வித்தைக்காரரைச் சோதித்துப் பார்த்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வித்தைக்காரருக்கு அன்று காய்ச்சல். துறவி தலையில் கை வைத்தால் தணியும் என்று நம்பிக் கேட்டார். வைக்கிறேன், ஆனால் உமது வித்தையைக் காட்ட வேண்டும் என்று இவர் நிபந்தனை போட்டார். பிறகு நடந்ததை 1900 ஜனவரி 8ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் விவேகானந்தரே சொல்லியிருக்கிறார். கோவணத்தைத் தவிர அந்த மனிதர் உடம்பில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குளிருக்கு விவேகானந்தரின் கம்பளியையே போர்த்தி மூலையில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் 25 பேர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டியதை எழுதுங்கள் என்றதும், அந்த வட்டாரத்தில் விளையாத பழங்களாகப் பார்த்து எழுதினார்கள். கம்பளிக்கு அடியிலிருந்து திராட்சைக் குலைகளும் ஆரஞ்சுப் பழங்களும் வந்து குவிந்தன. மனவசியமாக இருக்கும் என்று சிலர் தின்ன அஞ்சினார்கள். வித்தைக்காரரே எடுத்துத் தின்னத் தொடங்கியதும் எல்லாரும் தின்றார்கள். கடைசியாக வந்தவை ரோஜாப் பூக்கள். இதழில் பனித்துளி இருந்தது, ஒரு பூவும் கசங்கவில்லை. எப்படி ஐயா என்று கேட்டதற்கு, எல்லாம் கைத்திறம்தான் என்று பதில் வந்தது. வெறும் கைத்திறமாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் விவேகானந்தருக்குத் தீரவில்லை.

மேஜிக் ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுதிக்கொள்ளும்போது எதையெல்லாம் கவனிப்பார்களோ, அதில் பாதி இந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது. போர்வை யாருடையது? உடம்பைச் சோதித்தார்களா? எத்தனை பேர் பார்த்தார்கள்? கேட்ட பொருளா, வித்தைக்காரர் தாமே கொடுத்த பொருளா? வந்த பூ எந்த நிலையில் இருந்தது? ‘அற்புதமாக இருந்தது’ என்று எழுதுவது விமர்சனம் ஆகாது. கசங்காத இதழைப் பார்த்து எழுதுவதுதான் விமர்சனம்.

ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவே ஏழு ஆண்டுகள். ரிச்சர்ட் வைஸ்மன், பீட்டர் லமான்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கயிறு தானாக வானில் எழும்ப, அதில் ஏறும் சிறுவன் மறையும் கயிற்று வித்தையை நேரில் பார்த்ததாகச் சொன்னவர்களின் சாட்சியங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பார்த்து எவ்வளவு காலம் ஆகிறதோ அவ்வளவுக்கு வித்தை பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. வித்தையைப் பார்த்துவிட்டு வந்த இரவே எழுதிவிட வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் காரணம் இதுதான். இரண்டாவது ஓட்டை, அந்த வித்தைக்காரரின் பெயர் அந்தச் சொற்பொழிவில் இல்லை.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் வித்தை பார்க்கிறவர்களுக்குக் குறைவிருந்ததில்லை. மார்கழியில் சுசீந்திரம் தேர், தையில் நாகராஜா கோவில் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா என்று கூட்டம் கூடுகிற இடத்திலெல்லாம் வளையல் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே வித்தைக்காரருக்கும் ஓர் ஓரம் கிடைக்கும். தரையில் ஒரு துணி, மூன்று கிண்ணம், சில பந்து. இதுதான் செப்பிடு வித்தை. செப்பு என்பது அந்தக் கிண்ணம். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் செப்படிவித்யா. இரு மொழியிலும் இன்று இது வசைச்சொல்லாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. அரசியல்வாதி கணக்குக் காட்டினால் செப்பிடு வித்தை என்கிறார்கள். மூன்று கிண்ணத்தை வைத்து ஒரு கூட்டத்தையே அரைமணி நேரம் கட்டிப்போடுகிறவருக்கு இது அநியாயம்.

“லேய் மக்கா, பந்து கையில இல்லடே, கக்கத்துல இருக்கு!” என்று ஒருவன் கத்துவான். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவன் உண்டு. பந்து எங்கே என்பது அவன் கேள்வி. தொழில் தெரிந்தவர் அதைக் கேட்பதில்லை. அது அவருக்கு முன்பே தெரியும். அவர் பார்ப்பது வேறு. மேடை வித்தைக்காரருக்கு முதுகுக்குப் பின்னால் திரை இருக்கிறது. தெருவில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி எட்டுத் திசையிலும் ஆள். தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற பையனையும் சேர்த்து ஏமாற்ற வேண்டும். அந்தக் கோணங்களை அவர் எப்படிச் சமாளிக்கிறார்? பேச்சும் கையும் ஒரே தாளத்தில் போகின்றனவா, அல்லது கள்ளத்தனம் செய்யும் கணத்தில் பேச்சு தடுமாறுகிறதா? தட்டைச் சுற்றிவர விடுவது எந்தக் கட்டத்தில்? கிண்ணத்தைத் தூக்கப் போகிறார், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அங்கே நிறுத்திக் காசு கேட்பதுதான் கணக்கு. தூக்கிவிட்டுக் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். கைத்திறத்தைவிட இந்தக் கணக்குதான் அவருக்குச் சோறு போடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், கண்ணைப் பார்க்க வேண்டும், வித்தைக்காரரின் கண்ணை. குஸ்தவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். வித்தைக்காரர் ஒரு பந்தை இரண்டு முறை நிஜமாகவே மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும்; பந்து கையிலேயே இருக்கிறது. பாவனையின்போது அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தால், பார்வையாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே பறந்ததைப் பார்த்ததாகவே சொன்னார்கள். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கினர்தான் ஏமாந்தார்கள். நமக்குப் பந்தைக் காட்டியது அவருடைய கை அல்ல, அவருடைய பார்வை. கண்கட்டு வித்தை என்று பெயர் வைத்தவருக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டிருக்காது.

நம் ஊர்களில் வித்தைக்காரரை வித்தைக்காரரே எடைபோடும் ஏற்பாடும் இருந்தது. அதுதான் மோடி. ஒருவர் பொருளை வைத்து, கோடு கிழித்து மந்திரக் கட்டுக் கட்டுவார். இன்னொருவர் மகுடி ஊதிக்கொண்டே அதை எடுக்க வருவார். கோட்டைத் தாண்டியதும் அடிபட்டதுபோல் சுருண்டு விழுவார், எழுவார், மறுபடி விழுவார். கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று ஆரவாரம் செய்யும். இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டவர்கள் என்பது விவரம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் யார் விழுந்தது நம்பும்படி இருந்தது என்று டீக்கடையில் நடந்த விவாதம் உண்மையான விமர்சனம்தான். அது காற்றோடு போயிற்று.

எழுதிவைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1821இல் அச்சான வில்லியம் ஹாஸ்லிட்டின் ‘இந்திய வித்தைக்காரர்கள்’ என்ற கட்டுரை ஆங்கில உரைநடையில் பேர்பெற்றது. லண்டனில் ஓர் இந்தியக் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்த ஹாஸ்லிட், வெள்ளுடையும் தலைப்பாகையுமாகத் தரையில் உட்கார்ந்து பித்தளைப் பந்துகளை வீசிப் பிடித்த தலைவரைக் கண்டு மலைத்துப்போகிறார். இரண்டில் தொடங்கி நான்கு பந்துகள் வரை. ஒன்று தவறினாலும் ஊருக்கே தெரிந்துவிடும், சமாளிக்க வழியில்லை. இதைப் போலக் குறையில்லாமல் நான் என்ன செய்கிறேன் என்று தன் எழுத்தை நினைத்து வெட்கப்படுகிறார். அதே மனிதர் வாள் விழுங்கியதை மட்டும் ஹாஸ்லிட் ரசிக்கவில்லை. போலீஸ் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று எழுதுகிறார். ஒரே ஆளின் ஒரு வித்தைக்குக் கைதட்டி இன்னொன்றை நிராகரிக்கிற அந்தத் துணிவைத்தான் விமர்சனம் என்கிறோம். பின்பாதியில், கைத்திறம் வேறு மேதைமை வேறு என்று சொல்லித் தன் கட்சியைக் காப்பாற்றிக்கொள்கிறார். எழுத்தாளர் அல்லவா!

அந்தத் தலைவர் ராமோ சாமி என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. ராமசாமி என்ற நம் பெயர்தான் லண்டன் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. அமெரிக்கா வரை போய் ஆடிவிட்டு லண்டனிலேயே குடும்பமாகத் தங்கியவர் அவர். 1850இல் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்கவேண்டியிருந்தது.

அப்படி எழுதிவைக்கப்பட்டவர்களில் அடுத்தவர் சென்னையில் 1830ஐ ஒட்டி அந்தரத்தில் உட்கார்ந்து காட்டியவர். ஒரு கம்பின்மேல் கையைச் சும்மா ஊன்றியபடி, நிலத்தைத் தொடாமல் மிதந்தார். 1832இல் லண்டன் ‘சாட்டர்டே மேகசின்’ படத்தோடு செய்தி போட்டது. ஷேஷல் என்று எழுதினார்கள். சேஷய்யாவோ, சேஷாசலமோ, இன்று யார் சொல்வது? 1847இல் பாரீசில் பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஊடான் தம் மகனை இதேபோல் ஒரு கம்பில் சாய்த்து அந்தரத்தில் நிறுத்தினார். அப்போது புதிதாக வந்திருந்த ஈதர் என்ற மயக்க மருந்தின் மகிமை இது என்று கதையும் கட்டினார். அவர் பெயர் உலகத்துக்கே தெரியும்.

மூன்றாமவர் சுப்பையா புலவர். 1936 ஜூன் 6ஆம் தேதி ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் அவருடைய படங்கள் வெளிவந்தன. தென்னிந்தியாவில் திறந்த வெளியில் 150 பேர் முன்னிலையில், துணி சுற்றிய கம்பில் கையை வைத்து, படுத்த நிலையில் சுமார் நான்கு நிமிடம் மிதந்தார் என்று பிளங்கெட் என்பவர் எழுதியிருந்தார். நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்ததாகவும் படம் எடுத்ததாகவும் சொன்னார். நல்ல சாட்சி. ஆனால் சக வித்தைக்காரர் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி வாசிப்பார். எழும்பும்போதும் இறங்கும்போதும் ஏன் திரை மூடியிருந்தது? கம்புக்கு எதற்குத் துணி? கை ஏன் கடைசிவரை கம்பைவிட்டு நகரவில்லை? இந்த மூன்று கேள்வியை எழுதினால் போதும். தொழில் அறிந்தவருக்கு விஷயம் புரிந்துவிடும். அறியாதவருக்கு ஆச்சரியம் அப்படியே இருக்கும்.

வித்தை விமர்சனத்தின் சிக்கலே இதுதான். சினிமா விமர்சகர் கதையைச் சொல்லலாம். சங்கீத விமர்சகர் எந்த ஸ்வரம் பிசகியது என்று எழுதலாம். வித்தை விமர்சகருக்கு மட்டும் தெரிந்ததில் முக்கியமானதைச் சொல்லக் கூடாது. அமெரிக்க வித்தைக்காரர்கள் பென், டெல்லர் இருவரும் 2011 முதல் நடத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வந்தவர் செய்த வித்தையின் சூட்சுமம் தங்களுக்குப் பிடிபட்டது என்பதைப் பென் சிலேடையாகச் சொல்வார். சாதாரண பாராட்டுப்போல் ஒரு வாக்கியம். அதற்குள் ஒரு தொழிற்சொல் ஒளிந்திருக்கும். எதிரே நிற்பவர் முகம் சுருங்கும். சபைக்கு ஒன்றும் விளங்காது. காளமேகப் புலவர் பிறந்த மொழிக்காரர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.

எல்லா விமர்சகர்களும் அவ்வளவு நாசூக்கானவர்கள் இல்லை. ராபர்ட் ஹென்றி எலியட், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். கண் நீர் அழுத்த நோய்க்கு அவர் வகுத்த அறுவை முறை அவர் பெயராலேயே வழங்கியது. பாம்பு விஷத்தையும் ஆராய்ந்தார். ஊர் திரும்பியபின் லண்டன் வித்தைக்காரர்களின் சங்கமான ‘மேஜிக் சர்க்கிளில்’ மாந்திரீகங்களை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவரானார். கண் டாக்டர் கண்கட்டு வித்தையை விசாரித்தது எவ்வளவு பொருத்தம்! 1934 ஏப்ரல் 30ஆம் தேதி, முன்னாள் சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபு தலைமையில் கூட்டம் கூடியது. கயிறு தானாக வானில் எழும்பி நிற்பதும், அதில் ஏறிய சிறுவன் மறைவதும் கட்டுக்கதை என்று தீர்ப்பாயிற்று. செய்து காட்டினால் 500 கினி பரிசு என்றும் அறிவித்தார்கள். பரிசை யாரும் வாங்கவில்லை. ‘மர்மக் கீழ்த்திசை என்ற கட்டுக்கதை’ என்று அதே ஆண்டு எலியட் புத்தகமும் போட்டார்.

தீர்ப்பு சரி. தலைப்பில்தான் கோளாறு. உலகம் அறிந்த அந்தக் கயிற்று வித்தையைப் பரப்பியது நம் தெருவில் இருந்தவர் அல்ல. 1890 ஆகஸ்டில் ‘சிகாகோ டிரிப்யூன்’ பத்திரிகை சந்தாவைப் பெருக்குவதற்காக வெளியிட்ட புனைகதை அது. சில மாதங்களில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்; மறுப்பை யார் படித்தார்கள்? சிகாகோக்காரர் விட்ட கயிற்றுக்கு நம் வித்தைக்காரர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நேரத்தைக் கையாளும் திறனுக்கு வித்தைக்காரர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் நம் நாட்டு பி.சி. சர்க்கார். 1956 ஏப்ரல் 9ஆம் தேதி பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஒரு பெண்ணைச் சக்கர ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். எழுப்பிப் பார்த்தார், அவள் அசையவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பதறிப்போன நேயர்களின் அழைப்பால் தொலைபேசி இணைப்புகள் திணறின. மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் பேச்சு. அவருடைய லண்டன் அரங்கு நிறைந்துவிட்டது. அறுப்பது பழைய வித்தை. ஒட்டவைக்கும் முன் நேரம் தீர்ந்துபோகும்படி பார்த்துக்கொண்டதுதான் சர்க்காரின் சரக்கு. தெருவில் கிண்ணத்தைத் தூக்காமல் தட்டை நீட்டுகிறவரின் அதே கணக்கு.

இன்றைய விமர்சனத்துக்கு வரையறுத்த அளவுகோல்கள் வந்துவிட்டன. 1948இல் தொடங்கிய உலக வித்தைச் சங்கங்களின் கூட்டமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டி நடத்துகிறது. கைத்திறம், அரங்க ஆளுமை, புதுமை, கோவை, ரசிக்கும்படி இருந்ததா, வித்தைக்கான மாயச்சூழல் உண்டானதா என்றெல்லாம் நடுவர்கள் பார்க்கிறார்கள். 2025இல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த போட்டியில் இணையவழிப் படைப்பாளர் பிரிவில் உதய்ப்பூரில் பிறந்த சுஹானி ஷா பரிசு பெற்றார். கடையில் விற்கும் வித்தைப் பெட்டியை மதிப்பிடுவது இன்னொரு துறை. விளம்பரத்தில் காட்டியது ஒரே கோணத்தில் எடுத்த படமா? சட்டைக் கை மடித்திருந்தாலும் செய்யலாமா? ஒருமுறை செய்தபின் மறுபடி தயார்செய்ய எவ்வளவு நேரம்? இதை முதலில் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களா? பணத்தைக் கொட்டி வாங்கியபின் பெட்டிக்குள் ஒரு நூலும் ஒரு காகிதமும் மட்டும் இருப்பதைக் கண்டு வெறுத்துப்போன இளைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வாங்கியது நூலையல்ல, யோசனையை என்பதை நல்ல விமர்சகர் அவர்களுக்கு நினைவூட்டுவார்.

குமரி மாவட்டத்து ரசிகருக்கு அருகில் இருக்கும் வாய்ப்பு திருவனந்தபுரம்தான். 1956 வரை குமரியோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர். செப்பும் பந்தும் வித்தைக்குப் பேர்போன வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரியை (1903 – 1983) கேரள வித்தையின் தந்தை என்கிறார்கள். தெருத்துணியில் கிடந்த கிண்ணத்தை மேடைக்கு ஏற்றி மரியாதை வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருக்குப் பின் வந்தவர்களில் கோபிநாத் முதுகாடு 1996இல் திருவனந்தபுரத்தில் மேஜிக் அகாடமி தொடங்கினார். 2014இல் கழக்கூட்டத்தில் மேஜிக் பிளானட் திறந்தார். தொழில்முறை மேடையிலிருந்து 2021இல் விலகி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கலைப் பயிற்சியில் இறங்கினார். 2024 அக்டோபரில் அவர்களுக்காக அவர் தொடங்கிய இந்தியப் பயணம் புறப்பட்டது கன்னியாகுமரியிலிருந்து.

மலையாளத்தில் வாழக்குன்னம் என்று சொன்னால் ஆள் தெரிகிறது. சுசீந்திரம் தேரடியில் துணி விரித்தவர் யார் என்று கேட்டால் நாஞ்சில் நாட்டில் பதில் வராது. ‘அந்த வித்தைக்காரன்’ என்பார்கள். அடுத்த திருவிழாவில் கிண்ணமும் பந்துமாக ஒருவரைப் பார்த்தால், கைப்பேசியை நீட்டிச் சூட்சுமத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கடைசிக் கிண்ணம் தூக்கும்வரை இருங்கள், தட்டில் ஒரு நோட்டைப் போடுங்கள், பேரையும் ஊரையும் யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு அன்று இரவே எழுதி வையுங்கள். பந்து எங்கே போயிற்று என்று மட்டும் எழுத வேண்டாம்.